எந்த ஞாயிறு என்று தெரியாமல்

பஸ்ஸின் பின்கதவில் இறங்கும் கூட்டத்துக்குள்ளிருந்து முதலில் வருவது அந்த வாசனைதான். டீசல் புகை, நனைந்த கோணிச்சாக்கு, கண்டிச் சந்தையில் யாரோ வாங்கிவந்த கருவாடு எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு பாதாம் எசன்ஸின் மணம் ஹுன்னஸ்கிரிய சந்தியில் இறங்கும். அதற்குப் பின்னால் வயிற்றோடு அணைத்த ஒரு பிஸ்கட் டின்னுடன் என் அக்கா ராஜேஸ்வரி இறங்குவாள். அந்த மணத்தைப் பிடிப்பதற்காக மாசி பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் நான் சந்தியில் போய் நின்ற காலம் ஒன்று உண்டு. எந்த ஞாயிறு அவள் வருவாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பா சிறுநீரக நோயில் போன பிறகு அம்மாவின் தேயிலைக் கொழுந்துச் சம்பளத்தில் மூன்று வயிறு நிறையவில்லை. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. கண்டி வாவிக்கு மேலே மேட்டுத் தெருவில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரத் "தொரசானி" வீட்டில், கூடமாட வேலை செய்ய ஒரு பிள்ளை வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். தொரசானியின் கணவர் மடுல்கெல்ல பக்கத்துத் தோட்டங்களில் துரையாக இருந்து இறந்தவர். மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது அந்த அம்மாள் மட்டும் போகவில்லை. அக்கா ஐந்தாம் வகுப்போடு புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தீபாவளிக்கு ஒருமுறை அனுப்புவார்கள் என்றுதான் பேச்சு, ஒரு தீபாவளிக்கும் அனுப்பியதில்லை. ஆனால் மறுவருடம் பங்குனியில், யாரும் எதிர்பாராத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் கேக் டின்னோடு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றாள்.

அம்மா பயந்துவிட்டாள். ஞாயிறு பகலில் வேலைக்காரப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் துரத்தியிருக்கிறார்கள் என்றுதான் லயத்தில் அர்த்தம்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்குத் தாய் ஞாயிறாம். வேல செய்ற புள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அம்மாவப் பாக்கப் போகணுமாம். தொரசானிதான் போயிட்டு வான்னாங்க" என்றாள் அக்கா.

"அது என்னாடி பண்டிக?"

"அவங்க ஊருப் பண்டிக."

டின்னைத் திறந்தால் உள்ளே மஞ்சள் மூடி போட்ட ஒரு கேக். பாதாம் பருப்பு கண்டியில் கிடைத்தாலும் விலை கட்டாது என்பதால் தொரசானி முந்திரியை அரைத்துச் சீனியோடு பிசைந்து, எசன்ஸ் விட்டு மணக்கவைத்திருந்தார். கேக்கின் நடுவிலும் அந்த முந்திரி மாவு ஒரு படலமாக வெந்திருந்தது. மேலே விளிம்பைச் சுற்றிப் பதினொரு உருண்டைகள். அவை யேசுவின் சீடர்கள் என்றும், காட்டிக்கொடுத்தவனை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றும் அக்கா சொன்னாள். அந்த ஒருவனுக்காகவும் ஓர் உருண்டை பிடித்திருக்கலாமே, எனக்கு இன்னொன்று கிடைத்திருக்குமே என்று நான் சொல்ல, அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"வருசத்துல ஒரு நாளு அம்மா ஞாபகம் வருதாக்கும் அவங்க ஊருல" என்றாள்.

அம்மாதான் வெட்டி முதல் துண்டைத் தின்ன வேண்டும் என்பது முறை. அம்மா வெட்டினாள். லயத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தாள். தன் பங்கைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அக்கா பார்க்காதபோது அதை என் வாய்க்குள் திணித்துவிட்டாள்.

அன்றைக்கு அக்கா வீட்டில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. வந்தவுடன் எங்கள் ஒற்றையறைக் "காம்பரா"வைக் கூட்டினாள். கழுவிவைத்த சட்டிகளை எடுத்து மறுபடி கழுவினாள். என் தலையை அவிழ்த்துப் பின்னினாள், கோணலாக இருக்கிறது என்று மறுபடி அவிழ்த்தாள். வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்காரவைத்து, "சும்மா ஒக்காருடி, ஒன் மொகத்தப் பாக்கணும்" என்றாள். முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தவளின் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் மேடு ஏற முடியும் என்றாள். அவள் போன பிறகுதான் பக்கத்துக் காம்பரா மேரி அக்கா அம்மாவிடம் ஒரு சொல் சொன்னார்: "வாசல் தாண்டுன காலுக்கு வீடு சின்னதாத்தான் தெரியும், செல்லம்மா. நீ மனச விட்றாத."

மறுவருடத்திலிருந்து எங்கள் வீட்டில் காத்திருப்பு தொடங்கியது. தீபாவளி வரும் நாள் நாட்காட்டியில் இருக்கும், பொங்கல் தானாக வரும். இந்த ஞாயிறு எதிலும் இல்லை. போன வருடம் வந்த அதே தேதியில் வரும் என்று நினைத்தோம், வரவில்லை. ஈஸ்டரைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகரும் நாள் அது என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. காத்திருப்பதாக அம்மா ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டு, "சந்திக் கடைக்குப் போயி உப்பு வாங்கிட்டு வா" என்று என்னை விரட்டுவாள். நான் கண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் நின்று போகும்வரை நின்றுவிட்டு உப்போடு திரும்புவேன். வாசலில் என்னைத் தனியாகக் கண்டதும் அம்மா உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்தப் பங்குனிக்குள் எங்கள் வீட்டில் உப்பு இரண்டு சட்டி நிறைந்து மூன்றாவதுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் அக்கா ஒருவழியாக வந்தாள். உயர்ந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே "ஸ்பூன்", "டவல்" என்றெல்லாம் வந்தது. அதை அவளே கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பும்போது சந்தியில் ஒரு பஸ் வந்து நின்றும் அவள் ஏறவில்லை. கூட்டம் என்றாள். கூட்டமே இல்லை. அடுத்ததில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா அதை அன்றிரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "திரும்பிப் பாக்கல பாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

மூன்றாம் வருடம் அக்கா வரவில்லை.

ஒரு ஞாயிறு போனது, இன்னொன்று போனது. அம்மா மலையில் கொழுந்தெடுக்கும்போதே ரோட்டைப் பார்க்கிறாள் என்று மற்றப் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். நான் சந்தியில் நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர், "இன்னைக்கும் உப்பா?" என்று கேட்டார். தொரசானி வீட்டில் டெலிபோன் இருந்தது. எங்களிடம் அதன் நம்பரும் இல்லை, கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. கணக்கப்பிள்ளையும் அதற்குள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெள்ளைச் சேலை உடுத்திக் கோயிலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மேரி அக்காவை அம்மா வழிமறித்தாள். மேரி அக்கா கத்தோலிக்க வேதக்காரர். அவரிடம் கேட்கலாம் என்று எங்களுக்கு அதுவரை ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர் பண்டிகை வேறு, மேரி அக்காவின் கோயில் வேறு என்று நினைத்திருந்தோம்.

"தவக்காலத்துல நாலாவது ஞாயிறுதான் அது. எங்க சாமியாரும் அன்னைக்கு ரோஸ் கலர் உடுப்புப் போடுவாரு. அது போயி மூணு வாரமாச்சே. இன்னைக்குப் பெரிய வெள்ளி" என்றார் மேரி அக்கா.

அம்மா, "அப்ப இனி இல்ல" என்றாள்.

"இனி அடுத்த வருசந்தான்."

ஞாயிறு காலை அம்மா அப்பாவின் காரியத்துக்கு உடுத்திய பிறகு உடுத்தாத கைத்தறிச் சேலையை எடுத்து உடுத்தினாள். என்னையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். தெல்தெனிய, திகன, பல்லேகல என்று கொண்டக்டர் கத்திக்கொண்டே வந்த ஒவ்வோர் ஊரிலும், "இதுதானா?" என்று என்னைக் கேட்டாள். நானும் கண்டியைக் கண்டவளில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, வாவியோரத்துக் கடையில் தொப்பி போட்ட ஒருவரிடம் வழி கேட்டோம். "அந்த வெள்ளக்காரப் பாட்டியா? இந்த மேட்டால நேரப் போங்க தங்கச்சி, பச்சக் கேட்டு" என்றார் அவர். நின்று மூச்சு வாங்க அம்மா என்னை விடவில்லை. மேடு முழுக்க அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் கையில் ரத்தம் கட்டிவிட்டது.

சமையலறைப் பக்கக் கதவைத் திறந்தது அக்காதான். மெலிந்திருந்தாள். ஒரு கையில் டெட்டோல் மணக்கும் துணி. எங்களைக் கண்டதும் அந்தத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தொரசானி குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, சமையல்காரர் சொல்லாமல் நின்றுவிட்டார், எல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்று பிறகு மெதுவாகச் சொன்னாள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஞாயித்துக்கெழம ஏன் வரல?"

"தொரசானி மறந்துட்டாங்க."

"நீ ஞாபகப்படுத்துனா விட்டிருக்க மாட்டாங்களா?"

"விட்டிருப்பாங்க."

"பொறகு?"

அக்கா துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். "வந்தா திரும்பிப் போகணுமேம்மா. ஒவ்வொரு தடவையும் அந்த பஸ்ஸுல ஏற முடியல. வராமலே இருந்துட்டா ஏற வேணாமில்ல."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறையைத் தாண்டி, வேலைக்காரர்கள் கூப்பிட்டாலன்றிப் போகாத முன்னறைக்குள் நேராக நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். ஜன்னலோரக் கதிரையில், ஸ்டூலின்மேல் கால் நீட்டி, சால்வை போர்த்திய ஒரு சின்ன உருவம் இருந்தது. எவ்வளவோ பெரிய ஆள் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே, "எம் மகளக் கூட்டிட்டுப் போக வந்தேங்க" என்றாள்.

தொரசானி தோட்டங்களில் பழகிய தமிழ் பேசினார், யாரையும் "நீ" என்று சொல்லும் தமிழ். முதலில் விளங்காமல் பார்த்தார். அம்மா தாய் ஞாயிறு என்றதும் கண்ணை மூடித் திறந்து, "போயிருச்சா, அந்த ஞாயிறு?" என்றார். "இன்னைக்கு ஈஸ்டர். அப்ப போயிருச்சு. நா மறந்துபோச்சு."

பிறகு, சமாதானம் சொல்வதுபோல, அந்த நாளின் கதையைச் சொன்னார். "எங்க ஊர்ல சின்னச் சின்னப் பொண்ணு எல்லாம் பெரிய வீட்ல வேல செய்யும். வருசம் பூரா வீட்டுக்குப் போகாது. இந்த ஞாயிறு மட்டும் வீட்டம்மா கேக் குடுக்கும். போ, அம்மா பாரு, சொல்லும். அந்தப் பொண்ணு எல்லாம் நடந்து போகும், வழியில வயலட் பூ பறிக்கும், அம்மாவுக்குக் குடுக்கும். எங்க அம்மாவோட அம்மா அப்பிடி ஒரு பொண்ணு. அதுக்குத்தான் நா ராஜிய அனுப்பிச்சு."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கதை அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது முகத்தில் தெரிந்தது. கோபத்தைக் கொஞ்சம் இறக்கி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

"அந்தப் புள்ளைங்க பொழுது சாஞ்சதும் திரும்பிப் போயிருமாங்க?"

தொரசானி ஜன்னல் பக்கம் திரும்பினார். "போகும்" என்றார்.

"எம் புள்ள போகாதுங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சண்டை. தொரசானி எதிர்க்கவில்லை. அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் மெல்ல ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். ஆனால் உடனே கிளம்பவில்லை. மத்தியானத்துக்கு சூப் வைத்து, ரொட்டியை விளிம்பு நீக்கி வெட்டி, தோட்டக்காரரின் மனைவியைக் கூட்டிவந்து மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எது காலையில், எது சாப்பிட்ட பிறகு என்று சிங்களத்தில் இரண்டுமுறை சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் சமையலறைப் படியில் காத்திருந்தோம். அம்மா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். எங்கே அக்கா மனம் மாறிவிடுவாளோ என்று கதவையே பார்த்தபடி தன் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா ஒரு சின்னப் பையோடு வந்தாள். அந்த நாளில்தான் முதல்முறையாகக் கேக் இல்லாமல் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. தொரசானி கூப்பிட ஒரு சின்ன வெண்கல மணி வைத்திருந்தாராம். லயத்தில் அந்த மணி ஒலிக்காதபோதும் அக்கா விடியலில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் காம்பராவின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்கு இடித்தது. ஒரு மாதம் கழித்து யாரிடமும் சொல்லாமல் கண்டிக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்பி வந்தாள். தொரசானியின் உறவுக்காரர் ஒருவர் வந்து இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார், பச்சைக் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது என்று மட்டும் சொன்னாள். அம்மா அவளைத் திட்டவில்லை. சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. என் வகுப்பில் என்னோடு உட்கார அவளுக்குக் கூச்சம். பதினெட்டு முடிந்ததும் பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள், அங்கேயே ஒருவரைக் கண்டு கட்டிக்கொண்டாள், திகனவில் குடியேறினாள். என்னை மட்டும் அம்மா எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை. படிக்க வைத்தாள். தொரசானி அன்று ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்று வெகுகாலம் கழித்துத்தான் அக்காவிடம் கேட்டேன்.

"என் கண்ணாடிய இனி யாரு தேடித் தருவாங்கன்னு கேட்டாங்க" என்றாள்.

"ஒனக்கு வர விருப்பமா இருந்துச்சா அன்னைக்கு?"

"வரணும்னும் இருந்துச்சு, இருக்கணும்னும் இருந்துச்சு. அம்மா என்னயக் கேக்கல. கேட்டிருந்தா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன். கேக்காதது நல்லது."

இப்போது நான் குண்டசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மே மாதம் வந்தால் கண்டியின் பெரிய கடைகளில் அன்னையர் தினத் தள்ளுபடிப் பதாகைகள் தொங்குகின்றன. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு ஒரு நாள் என்று வகுப்பில் சொல்வேன். இங்கிலாந்தின் பழைய தாய் ஞாயிறு, ஆதியில் மக்கள் தத்தம் ஊரின் தாய்க் கோயிலுக்குப் போய்வந்த நாளாக இருந்தது என்றும், பிறகு வேலைக்காரச் சிறுமிகள் வீட்டுக்குப் போகும் நாளாக மாறியது என்றும், நடுவில் வழக்கொழிந்து மறுபடி உயிர்பெற்றது என்றும் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எனக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் உடம்பு நிலைகொள்ளாது. வகுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே சொல்வேன்.

அம்மா இல்லை. பச்சைக் கேட்டு வீடு இடிக்கப்பட்டு, வாவியைப் பார்த்த பல்கனிகளோடு விடுதியாகிவிட்டது. எங்கள் லயத்தில் பாதியை உடைத்துத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். சந்தியில் பஸ் நிற்கும் இடமும் தள்ளிப்போய்விட்டது. தாய் ஞாயிறு எந்தத் தேதி என்று கைப்பேசியில் தட்டினால் இன்னும் பத்து வருடத்துக்கு வரிசையாகச் சொல்கிறது. அதற்காக யாரும் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

இந்த வருடம் அந்த ஞாயிறு நான் திகனவில் அக்கா வீட்டில் இருந்தேன். அவளுடைய மகள் கவிதா இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். படித்து, பரீட்சை எழுதி, தானே விரும்பிப் போனவள். போய் இரண்டாம் வருடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோவில் அழைத்தாள். நீல நிறச் சீருடை, பின்னால் ஒரு நீளமான நடைவழி, மேசைமேல் பூக்கள், பூக்கள். பாட்டிகளைப் பார்க்கப் பிள்ளைகள் காலையிலிருந்தே வந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவர் கேக்கும் கொண்டுவந்தார் என்றாள். யாரும் வராத ஒரு பாட்டி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதாகவும், தான் இடையிடையே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதாகவும் சொன்னாள்.

அக்கா கைப்பேசியை முகத்துக்கு வெகு அருகில் பிடித்திருந்தாள்.

"ஒனக்கு லீவு குடுக்க மாட்டாங்களாம்மா?"

"இன்னைக்கு எல்லாரும் வர்ற நாளும்மா. அதனாலதான் யாருக்கும் லீவு இல்ல" என்றாள் கவிதா.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்று அவள் எழுந்தாள். திரை இருண்ட பிறகும் அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. "சாப்பிட்டியான்னு நா அவளக் கேக்கல" என்றாள். எழுந்து சமையலறைக்குள் போய், கழுவி அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நானும் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தேன்.